முட்டை வில்லை, டைமன் வில்லை

1917 நவம்பர் 5, பெண்டிகோ
துணி துவைக்கும் நாள். என் வீட்டுக்காரர் டென்சிலின் கடிதம் வந்தது, ஆகஸ்டில் எழுதியது. மூன்றாம் டிவிஷன்காரர்கள் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளும் துணி வில்லை முட்டை வடிவமாம். மற்ற டிவிஷன்காரர்கள் இவர்களைக் கண்டாலே முட்டை விற்பவன் மாதிரி கூவுகிறார்களாம். வடிவம் எந்த டிவிஷன் என்று சொல்லும், நிறம் எந்தப் பட்டாளம் என்று சொல்லும், எங்கள் பசியை மட்டும் எதுவும் சொல்லாது என்று எழுதியிருக்கிறார். சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருமே அங்கே போர்முனையில். மூத்தவர் ஜோரி இரண்டாம் டிவிஷன், சீட்டுக்கட்டு டைமன் வடிவ வில்லை.

நவம்பர் 9
தந்தி. டென்சிலை அக்டோபர் நான்கிலிருந்து காணவில்லை.

நவம்பர் 10
காணவில்லை என்றால் செத்துவிட்டார் என்று இல்லையே. இல்லைதானே?

1918 பிப்ரவரி 18
செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணை அலுவலகம் பதில் போட்டிருக்கிறது. லண்டன் ஆஸ்பத்திரியில் ஒரு சிப்பாய் சொன்னானாம்: சிவப்பு முடி, டென்சில் என்று கூப்பிடுவார்கள், குண்டு விழுந்து அங்கேயே இறந்தார், கையில் டைமன் வில்லை.

டைமன்! என் டென்சிலுக்கு முட்டை. இந்த நாட்டில் சிவப்பு முடிக்குப் பஞ்சமா, அந்தப் பெயருக்குத்தான் பஞ்சமா? அடுப்படிக்கு ஓடி, "அத்தை, அது நம்மாள் இல்லை" என்று சொல்லிச் சிரித்தேன். "சரிம்மா" என்றார். மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

எவளோ ஒருத்தி இன்று அழுதுகொண்டிருப்பாள். நான் சந்தோஷப்படுகிறேன். என்ன பெண் நான்.

மார்ச் 3
அவருக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி முடித்தேன்.

ஏப்ரல் 14
கிளெம் வந்தான். டென்சிலின் பட்டாளத்துக்காரன், இடது கையை இழந்து ஊர் திரும்பியிருக்கிறான். தேநீர் ஊற்றுவதற்குள் கேட்டான்: "ஜோரி எப்படி இருக்காரு? செப்டம்பர்ல தம்பியைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரே. முட்டை பொரிஞ்சு டைமன் வந்துடுச்சுன்னு நாங்க அவனை எவ்வளவு ஓட்டினோம் தெரியுமா?"

அண்ணன் கேட்டால் தம்பியை அவன் பட்டாளத்துக்கே மாற்றித் தருவார்கள். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அய்யோ, எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?

கிளெம் போனதும் அத்தை சொன்னார். "நான்தான் ஜோரிக்கு எழுதினேன். பக்கத்துல இருந்தா சின்னவனைப் பாத்துப்பான்னு நெனச்சேன். தம்பி வந்துட்டான்னு அவன் செப்டம்பர்ல எழுதின கடுதாசி டிசம்பர்ல வந்துச்சு."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீ சிரிச்சே. நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஏப்ரல் 17
மூன்று நாளாக அத்தையோடு பேசவில்லை. ரெண்டு மாசம் என்னைப் பைத்தியக்காரியா ஆக்கிட்டாங்களே — செத்தவருக்குக் காலுறை பின்னியிருக்கேன். அத்தை ஜோரிக்கு எழுதாமல் இருந்திருந்தால்? சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அழுவது காதில் விழுகிறது.

ஏப்ரல் 21
விசாரணை அலுவலகத்துக்கு எழுதினேன். டைமன் வில்லை போட்டிருந்த அந்தச் சிவப்பு முடிக்காரர் என் கணவர்தான், அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டேன்.

அத்தை வாசலிலேயே நின்றார். "நானும் போடலாமாடி?" என்றார்.

நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.