ஜன்னலை மறைக்கப்போகும் டிவி

அண்ணா,

நான் மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். டிவி வரும்போது கதவை நீயே திற, அம்மாவை எழுப்பாதே. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ஜன்னலை ஒட்டிய சுவரில் இருக்கும் செய்தித்தாளைக் கிழித்துவிடாதே. நாம் பேசி முடித்த டிவியின் அளவுக்கு அதை வெட்டி ஒட்டியது நான்தான். "இந்த டிவில நடுவுல விளம்பரமே வர்றதில்ல, இதையே வெச்சுக்கலாம்" என்று அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீயோ கடைக்காரர் பேச்சில் மயங்கி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அதைவிடப் பெரியதை வாங்கிவிட்டாய். அது பாதி ஜன்னலை மறைக்கும். முழங்கால் போன பிறகு நாற்காலியிலேயே இருக்கும் அம்மாவுக்குத் தெரு என்றால் அந்த ஜன்னல்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

நான் தப்பாகவும் அளந்திருக்கலாம். திரும்பத் திரும்ப அளந்தும் சந்தேகம் போகவில்லை. அதனால் சுவரில் துளை போடவிடும் முன் டிவியைத் தாளின் மேல் பிடித்துப் பார். ஜன்னலை மறைத்தால் திருப்பி அனுப்பிவிடு.

பி.கு.: உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள் அம்மா, ஆனாலும் சொல்கிறேன். "அவன் ஆசையா வாங்கியிருக்கான். ஜன்னல் போனா போகுதுடி, நீ வாயைத் திறக்காதே." நீ கேட்டாலும் இதையேதான் சொல்வாள். அதனால் அவளைக் கேட்காதே. அவளுடைய நாற்காலியில் நீ உட்கார்ந்து பார்.