கற்பூரத்துக்குக் கூப்பிடாதவர்கள்

மலையடிப்பட்டு,
சங்கராபுரம் வட்டம்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, செல்வி எழுதுவது. நானும் நம் மகள் தனுஷாவும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாலு நாளாக ஃபோனை எடுக்கவில்லை. கடைசியாக எடுத்த அன்றும் கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் திருப்பூர் திரும்பும் கொளஞ்சியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நான் மனு போட்டிருக்கிறேன். நேற்று மூன்று மணியோடு வாபஸ் வாங்கும் நேரமும் முடிந்தது. இனி நானே நினைத்தாலும் விலக முடியாது.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஊர்ப் பெரியவர் ராஜாங்கத்தின் மருமகள் சந்தியாதான் தலைவர், வேறு யாருக்காகவும் மனு போடுவதில்லை, முன்மொழிந்து கையெழுத்தும் வைப்பதில்லை என்று ஐயனார் கோயிலில் வீட்டுக்கு ஓர் ஆம்பளையாகக் கற்பூரத்தில் சத்தியம் வாங்கினார்கள். உங்களையும் விடவில்லை. அங்கே தையல் மிஷின் பக்கத்தில் நின்று நீங்கள் வீடியோ காலில் கை நீட்ட, இங்கே ஃபோனைக் கற்பூரத்துக்கு மேலே பிடித்தார்களாம். ஃபோன் சூடாகிவிட்டது என்று ஊரே சிரித்தது.

இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெண்ணையும் கூப்பிடவில்லை. சந்தியாவையே கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை சேலத்தில் இருக்கிறது. நம் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருவது அதற்கு எப்படித் தெரியும்? நூறுநாள் வேலையில் மண் அள்ளும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். எனக்கு முன்மொழிய ஓர் ஆம்பளையும் வரமாட்டான் என்றேன். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னைத்தான் எவனும் சத்தியத்துக்குக் கூப்புடலியே, நான் வெக்கிறன்டி கைநாட்டு" என்றது.

வீட்டுவரி பாக்கியில்லை என்று சீட்டு வாங்கத்தான் மூன்று நாள் ஆனது. பீரோ சாவி தொலைந்துவிட்டது என்றார் பஞ்சாயத்துக் கிளார்க். நான் அவர் ஆபீஸ் வாசலிலேயே முறத்தோடு உட்கார்ந்து அவரைக்காய் ஆய ஆரம்பித்தேன். சாவி கிடைத்துவிட்டது. மனு வாங்கிய அதிகாரி, "வூட்டுக்காரர் வர்லீங்களா?" என்று கேட்டார். ஃபாரத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே என்றேன்.

மக்காச்சோளம் அறுக்க மெஷின்காரர் வரமாட்டேன் என்கிறார். குஞ்சம்மாள் அக்காவின் மகன் அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான். கதிரைக் கையாலேயே ஒடிக்கிறோம். முதல் நாள் நாங்கள் இரண்டு பேர், இன்றைக்கு ஏழு பேர். எலெக்ஷனைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. ஒடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சத்தியம் தவறினால் உங்களுக்கு ஆகாது என்று ராஜாங்கம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பொய் சொல்லமாட்டேன் மாமா, அதைக் கேட்ட அன்றே பயந்துபோய் ஐயனாரிடம் தனியாகப் போனேன். சத்தியம் செய்தவர் மனுவும் போடவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. அப்புறமும் குற்றம் என்றால் அதை என் தலையில் வை, அவரை விட்டுவிடு என்று அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஓட்டு. ஜெயிப்பேனா என்று தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த கொளஞ்சியப்பன் அண்ணனிடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். போட்டியே இருக்காது என்ற தைரியத்தில், அந்தச் சத்தியத்தில் ஓட்டைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிவிடுங்கள். ஓட்டுப்போடும் மறைப்புக்குள்ளே நீங்கள் மட்டும்தான் நிற்பீர்கள். வெளியே வந்தபிறகு யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். வாருங்கள் மாமா, உங்களுக்கும் சேர்த்தே உலை வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் செந்தமிழ்ச்செல்வி