உன் தெருப் பெண்கள் அனுப்பிய துணி

என் காதுக்குள் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கும் தங்கச்சி றெஜினாவுக்கு,

நீ போய் ஒரு மாதமாகப் போகிறது. கன்னியாஸ்திரியாக நைஜீரியாவுக்குப் போன உன்னை அந்த மண்ணிலேயே அடக்கிவிட்டார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து வந்து உன் முகம் பார்க்க எனக்கு ஏலவில்லை.

நீ கைபேசியில் அனுப்பிய குரலைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். "அக்கா, போன கரண்ட் திரும்பி வந்தால் தெரு முழுக்கச் சந்தோசத்தில கூக்காட்டும். நானும்தான்!" என்று சிரிக்கிறாய். இன்னொன்றில் பஸ் இரைச்சல். "வெளிக்கிட முன்னம் ஒருத்தி எழும்பிச் செபம் சொல்லுவா. றைவரும் ஆமென் எண்டுவான். பிறகு பறப்பான் பாருங்கோ!"

அன்றைக்கும் செபம் சொல்லித்தானே வெளிக்கிட்டிருப்பீர்கள், பிள்ளை? பிறகேன் அந்த பஸ் கவிழ்ந்தது? மாதாவிடம் கேட்கிறேன்.

போன கிழமை உன் மடத்திலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே நீலத்தில் செம்மஞ்சள் பூப்போட்ட துணி. திருவிழாவுக்கு மாதா பீடத்தில் விரிக்கத் தந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அலுமாரியில் மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று, உங்கள் மடத்தடியில் வாழைப்பழம் பொரித்து விற்கும் புளோறன்ஸ் வீடியோவில் வந்தா. துணியைத் தைத்தாயிற்றா என்று கேட்டா. நானாகப் படித்த இங்கிலீசில், அது பீடத்துக்கு என்றேன். சிரித்தவ, சிரித்தபடியே அழுதுவிட்டா. உன்னை அடக்கம் செய்த அன்று தெருப் பெண்கள் எல்லாரும் அந்த ஒரே துணியில்தான் தைத்து உடுத்தார்களாம். குடும்பம் என்றால் அங்கே அப்படித்தானாம். அக்காவுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வெட்டி, மடத்தில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

உன் ஒரு மாதப் பூசைக்கு அதைத் தைத்து உடுக்கப் போகிறேன் என்று மச்சாளிடம் சொன்னால் சீறுகிறா. "செத்தவீட்டுப் பூசைக்குப் பூச்சட்டையோ? நாங்கள் வெள்ளையில வர, நீர் மட்டும் பெருநாள் கொண்டாடப் போறீரோ? சனம் காறித் துப்பும்!"

"துப்பட்டும் மச்சாள். பெட்டிக்குப் பக்கத்தில நிண்டது அவையள்தானே, நாங்கள் இல்லையே."

அவ தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டா.

இன்று காலை துணியைத் தைக்கக் கொடுத்துவிட்டேன். மாதப் பூசைக்கு அதை உடுத்திக்கொண்டு கோயிலில் முன் வரிசை வாங்கில் இருப்பேன். செபம் வாயில் வருமோ தெரியாது. வராவிட்டாலும், உன்னை வழியனுப்பிய பெண்களில் ஒருத்தியாய், பூசை முடியுமட்டும் எழும்பிப் போகாமல் இருப்பேன், பிள்ளை.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த,
மேரி அக்கா