நடுகல்லில் ஊறிய சிவப்பு

என் தங்கம் எஸ்தருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் வரலாற்றுக் குழு இன்னும் ஞாயிறுதோறும் திருப்பூரிலிருந்து கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது. நீ சர்ச்சில் முதல் ஆராதனை முடித்து ஓடி வரும்வரை டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்போமே, அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரமும் ஒன்பது மணி பஸ்ஸை விட்டோம். ஏன் விட்டோம் என்று யாரும் கேட்கவில்லை.

நல்ல செய்தி ஒன்று. நம் மாத இதழ்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறோம். எக்ஸ்போர்ட் ஆபீஸில் நாளெல்லாம் இங்கிலீஷ் டைப் அடித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நம் இதழைப் பிரதியெடுக்கத் தமிழில் ஸ்டென்சில் தாளில் டைப் அடிப்பாய். ஒரு கொம்பு, ஒரு கால் தப்பாது. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்க்கும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். வினை எங்கே வந்தது பார்.

படித்துக்கொண்டே போகையில் நடுகல்லைப் பற்றிய இதழ் வந்தது. 'செயலாளர் எஸ்தரின் கவனக்குறைவால் கல்லில் சாயம் ஊறிவிட்டது. அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.' அதையும் நீதான் டைப் அடித்திருக்கிறாய். அப்போது என்னைத் திட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நொய்யல் கரையில் பொன்னுசாமி என்பவரின் தோட்டத்து வரப்பில் நிற்கும் கல் அது. வாளோடு ஒரு வீரன், அவன் தலைக்கு மேல் நாலு வரி எழுத்து. அவர் வீட்டார் அதைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள். எழுத்தைப் படியெடுக்க, கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, பனியன் வேஸ்ட் துணியை உருண்டையாகக் கட்டி அச்சு மையில் தொட்டு ஒற்றுவோம். அன்றைக்கு மை கொண்டுவர வேண்டியவள் நான். டப்பாவில் தீர்ந்து போயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, எங்கள் சாயப்பட்டறையிலிருந்து சிவப்புச் சாயத்தைக் கரைத்து எடுத்து வந்தேன். சாயத்தைப் பற்றி எங்களுக்கா தெரியாது என்ற திமிர். மை கெட்டியானது, தாளின் மேலேயே நிற்கும். சாயம் வெறும் தண்ணீர். தாளை உரித்தபோது வீரன் தலையிலிருந்து கால் வரை சிவப்பாக இருந்தான்.

பொன்னுசாமி ஓடி வந்தார். "எங்க சாமியை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? இது பட்டறைச் சாயமில்லீங்களா? ஆத்தைக் கெடுத்தீங்க, கெணத்தைக் கெடுத்தீங்க. இப்ப இங்கயும் வந்துட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் போய் நின்றாய். "நான்தானுங்க கொண்டாந்தேன். மைன்னு நெனச்சுட்டேனுங்க. மன்னிச்சுருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏங்கண்ணு அப்படிச் சொன்னே?" என்று.

"நீங்க பட்டறைக்காரர் சம்சாரமுங்க அக்கா. உங்களைச் சொன்னா ஊர்ச் சண்டையாயிரும். என்னைச் சொன்னா திட்டோட போயிரும்."

திட்டோடு போயிற்றா? செயலாளர் பொறுப்பு போனது. நம் ஆட்களே உன் கையில் கேமராவைக் கொடுக்க யோசித்தார்கள். அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம், அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நான் ஆறேழு வருடத்தை ஓட்டிவிட்டேன். நீயோ சனிக்கிழமை ஆபீஸ் விட்ட கையோடு தனியாகப் போய் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவாய். எனக்கு அது தெரியும். ஒரு வாரமாவது நானும் வருகிறேன் என்று சொன்னேனா?

புத்தகத்துக்கான கூட்டத்தில் தலைவர் சொன்னார், "பாவம், போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்த வரியை எடுத்துரலாமுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது வசதிதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த வரியை மறுபடி எடுத்துப் படித்தேன். எடுத்துவிட்டால் தப்பு உன்னுடையது, பெருந்தன்மை எங்களுடையது என்றல்லவா ஆகிவிடும்?

பத்து நாளைக்கு முன் பொன்னுசாமியைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"தெரியுமுங்க. அன்னைக்கு உங்க கைதான் முழங்கை வரைக்கும் செவப்பா இருந்துச்சு. அந்தம்மா கையில ஒரு சொட்டு இல்லீங்க."

"அப்பவே ஏனுங்க சொல்லலை?"

"ஒருத்தர் தானா பழியை ஏத்துக்கிட்டு வந்து நிக்கறாங்க. அதைத் தட்டிவிடறக்கு நான் யாருங்க? என்னைக்காச்சும் நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவுங்க இருக்கறப்ப வந்திருக்கலாமுங்க" என்றார்.

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன், எஸ்தர். அவர் வீட்டம்மா ஒரு சொம்பு மோரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கல்லில் சிவப்பு அநேகமாகப் போய்விட்டது. எழுத்துப் பள்ளங்களில் மட்டும் லேசாகத் தெரிகிறது.

அந்த வரி புத்தகத்தில் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு, மை தீர்ந்து போனதையும் சாயம் கரைத்ததையும் வாய் திறக்காமல் நின்றதையும் எழுதிவிட்டேன். உன் மாமாவிடம், என் வீட்டுக்காரரிடம்தான், காட்டினேன். "பட்டறை பேரும் சேந்து கெடணுமா?" என்றார். கெடட்டும் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் கேட்கிறார்.

வெளியீட்டு நாளில் அந்தப் பக்கத்தை நானே எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன். உன் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பேன். நம் குழுவில் யாரைப் பார்த்தாலும் அவர் இன்னமும், "எம்பொண்ணு தெரியாமப் பண்ணிட்டாளுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். என்னிடமும் கும்பிட்டார், எஸ்தர். நானும் சரியென்று கேட்டுக்கொண்டு வந்தேன். இனி அவர் யாரிடமும் அப்படிக் கும்பிட்டு நிற்க விடமாட்டேன். இது சத்தியம்.

நீ வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட,
சரோஜா