சூசையப்பரின் கைகள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கோயிலில் பக்கப் பீடத்துக்கு மேலே, இயேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பரை வரையும் வேலை கிடைத்தது என்று சொன்னேன் அல்லவா, அது என் பிராணனை வாங்குகிறது. நம் கல்யாணப் போட்டோவைச் சாரத்தில் ஒட்டிவைத்து, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன். பங்குப் பேரவைத் தலைவர் வந்து அண்ணாந்து பார்த்தார். “சூசையப்பர் வயசானவரும்மா, தாடி வெள்ளையா இருக்கணும்” என்றார். பொறுமையாகத்தான் விளக்கினேன். ஆரம்ப காலத்தில் இயேசுவையே தாடியில்லாத வாலிபராகவும் வரைந்திருக்கிறார்கள், காலத்துக்குக் காலம் முகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்றேன். ஏதோ பாவம் செய்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பங்குச் சாமியாரிடமிருந்து பழைய ஓவியங்கள் உள்ள பெரிய புத்தகத்தை வாங்கிக் காட்டினேன். அது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாயிற்று. அந்தப் படங்களில் மாதா நடுவில் இருக்கிறார், பிள்ளைக்குப் பக்கத்தில் மாடுகூட இருக்கிறது. சூசையப்பர் மட்டும் ஒரு மூலையில், கன்னத்தில் கைவைத்து, யாரோ அந்நியர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பல நூறு வருஷம் அப்படியே வரைந்திருக்கிறார்கள். “பாத்தியா, இவரை ஓரமா போட்டுடு” என்றார் தலைவர். எனக்கு வந்ததே கோபம்! பக்கங்களைப் புரட்டி, பிற்கால ஓவியர்கள் அவரை இளைஞராக்கிப் பிள்ளையைக் கையில் கொடுத்த படங்களைக் காட்டினேன். மூலையில் உட்கார வைக்க மாட்டேன் என்று சண்டையே போட்டேன். சாமியார் என் பக்கம் நின்றதால் ஜெயித்தேன்.

ஜெயித்து என்ன பயன்? பிள்ளையைக் கையில் கொடுத்து வரைந்ததும் அதே சாமியார் சிரித்துவிட்டார். “என்னம்மா, பார்சல் வாங்குற மாதிரி புடிச்சிருக்காரே” என்றார். அழித்து வரைந்தேன். மறுபடியும் பார்சல்தான். மாதாவின் கைகள் எனக்குத் தானாக வரும், உங்கள் முகம் வைத்த மனிதரின் கைகள் வரவில்லை. ஏன் என்று சாரத்தின் மேல் உட்கார்ந்து யோசித்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மகள் வயிற்றில் இருக்கும்போதே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் ஒரு பிள்ளையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

அப்பா எங்கே என்று கேட்டால், மகள் சார்ஜில் கிடக்கும் போனைக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னும் ஒரே ஒரு வருஷம்” என்று மறுபடியும் ஒப்பந்தத்தை நீட்டப் போகிறீர்களாம். யாரைக் கேட்டு? இவ்வளவு பாடுபட்டு நான் சூசையப்பரை மூலையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தேன், நீங்களாகப் போய் அதே மூலையில் உட்கார்ந்துகொள்கிறீர்கள்.

சூசையப்பருக்கு முகம் முடிந்தது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கிறது. தலைவர் தினமும் வந்து என்னாச்சு என்று கேட்கிறார். ஆள் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடாமல் கிளம்பி வாருங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். உங்களைக் கண்டதும் மகள் முதலில் அழுவாள். பரவாயில்லை, தூக்குங்கள்.

கோபத்தோடும், அதைவிட அதிகமான ஆசையோடும்,
உங்கள் மனைவி