கப்பலுக்குள் சுடுவதற்கு முன்

தம்பி,

நேற்று சாயங்காலம் பேரன் டி.வி. முன்னால் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். விண்வெளிக் கப்பலுக்குள் ஒரு வீரன். கையில் ஆளைவிட நீளமான மெஷின்கன். சரமாரியாகச் சுடுகிறான், கப்பல் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், பின்னாடி சுவர் இருக்குடா! ஓட்டை விழுந்தா எல்லாரும் காலி!" என்று கத்திவிட்டேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பாட்டி, உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

உன்னைப் பற்றி அவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் யாராவது 'அண்ணி' என்று கூப்பிட்டால் வாசலைப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், அந்தக் குரோம்பேட்டை வீட்டில்தான் இது தொடங்கியது. எனக்கு முதல் கர்ப்பம் கலைந்து, இரண்டாவது தங்கியிருந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உன் அண்ணன் வேலைக்குப் போய்விடுவார். நீ படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாய், அதாவது வீட்டில் இருந்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பேன். பல்லாவரம் குவாரியில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். என் கை தானாக வயிற்றுக்குப் போகும்.

ஒருநாள் கசங்கிய ஜெராக்ஸ் கட்டு ஒன்றோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாய். "அண்ணி, இது ஸ்பேஸ் கேம். படுத்துகினே ஆடலாம்." பலகை, காய் எதுவும் இல்லை, வாயாலேயே கதை சொல்லி ஆடுவது. நான் கேப்டன். கொள்ளைக்காரர்கள், புயல், கெட்டுப்போன இன்ஜின் எல்லாம் நீ. வெற்றி தோல்வியை அத்தையின் பித்தளைத் தாயக்கட்டை சொல்லும். ஒரே சிக்கல், உன் நண்பன் விதிப் புத்தகத்தில் ஆயுதங்கள் பற்றிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுக்காமல் விட்டிருந்தான். "பரவால்ல, துப்பாக்கிய நாமளே செலக்ட் பண்ணிக்கலாம்" என்றாய்.

நீ எடுத்ததெல்லாம் பெரிசு. பீரங்கி, லேசர், நிமிஷத்துக்கு நூறு குண்டு. நான் கேட்டேன்: "கப்பல்ங்கறது காத்து அடைச்ச குக்கர் மாதிரிதானே? அதுக்குள்ள நின்னுகிட்டு குக்கரையே சுடுவியா?" நீ பீரங்கியைப் பட்டியலிலிருந்து அடித்தாய். அன்றிலிருந்து துப்பாக்கி பொறுக்குவதே நம் ஆட்டமாகிவிட்டது. நீளக்குழல் வேண்டாம், அந்தக் குறுகலான நடைபாதையில் திருப்ப முடியாது. உதைக்கிற துப்பாக்கி வேண்டாம், எடை இல்லாத இடத்தில் சுட்டவனே பின்னால் பறப்பான். புகை கூடாது, உள்ளே இருக்கிற காற்றைத்தானே எல்லோரும் மூச்சு விட வேண்டும்? கடைசியில் ஒன்று தேறியது. கைக்கடக்கமாக, மணிக்கட்டில் கயிறு கட்டி, சுவரில் பட்டால் பொடியாகிவிடுகிற குண்டோடு. உனக்கு அது பிடிக்கவே இல்லை. "இன்னா அண்ணி, இத வெச்சிகினு கொசு அடிக்கலாம்" என்றாய்.

அத்தைக்கோ எதுவுமே பிடிக்கவில்லை. "புள்ளத்தாச்சி காதுல துப்பாக்கி, குண்டுன்னு ஓதிக்கினு கீறியே, உனக்கு அறிவு கீதாடா?" என்று, பெற்ற பிள்ளை என்றும் பாராமல், உன் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு அவர் வரும் சத்தம் கேட்டால் துப்பாக்கி கரண்டியாகிவிடும். "அண்ணி, நீளக் கரண்டியா, குட்டிக் கரண்டியா?" என்பாய். வயிறு குலுங்கச் சிரிக்கவும் எனக்கு அனுமதி இல்லை. உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

எட்டாவது மாதம் தொடங்கியிருந்தது. அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் வலி வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்த வலி. நீ செருப்புகூடப் போடாமல் ஓடி, எதிர்வீட்டுக்காரரை அம்பாசிடரோடு அழைத்துவந்தாய். ரயில்வே கேட்டுக்கு வந்தால், மூடியிருந்தது. முன்சீட்டிலிருந்து திரும்பினாய். போன தடவை நடந்ததுதான் நம் இருவர் மனதிலும்.

"அண்ணி, கதவ உடைச்சிகினு மூணு பேர் உள்ள வந்துட்டானுங்க. கையில இன்னா எடுக்கறீங்க?"

உன்னை அறைய வேண்டும் போலிருந்தது.

"சொல்லுங்க அண்ணி. நீளமானதா?"

"வேணாம்... திருப்ப எடம் இல்ல."

"லேசர்?"

"சுவர் போயிடும்டா."

"அப்போ?"

"சின்னது. சின்னதே போதும்."

ரயில் தடதடத்துக் கடந்தது. கேட்டைத் தூக்கினார்கள்.

மகள் பிறந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை, உன்னைத்தான் அனுப்பினேன். திரும்பி வந்து, "ரொம்ப சின்னதா கீது அண்ணி. ஆனா கத்துது பாருங்க, ஆஸ்பத்திரியே அதிருது" என்றாய். சொல்லிவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. யாரையும் கேட்காமல் ஒருக்களித்துப் படுத்தேன். எத்தனையோ மாதம் கழித்து, பயப்படாமல் மூச்சு விட்டேன். அந்த நிம்மதிக்கு ஈடாக எனக்கு வாழ்க்கையில் இன்னொன்று கிடைத்ததில்லை.

அந்த கேட்டில் நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பயத்திலேயே நான் போயிருப்பேன். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் கேலி செய்வாய் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆட்டத்திலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. யார் மேலாவது கோபம் வந்தால், அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்க்கிறேன். பார்த்துவிட்டும் பாதி நேரம் சுட்டுவிடுகிறேன் என்பது வேறு விஷயம்.

பேரன் நேற்று என் பேச்சைக் கேட்டு, அந்தப் பெரிய துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கைத்துப்பாக்கியை எடுத்தான். "இதுவா பாட்டி? இத்துணூண்டா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து அவன் அம்மா ஒரு கத்துக் கத்தினாள், "இன்னும் அத அணைக்கலையா?" என்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தினாளே, அதே குரல். சுவர் தாங்கிவிட்டது, தம்பி.

உன் அண்ணி