திறக்கப்படாத இருபத்திரண்டு வீடியோக்கள்

அன்புள்ள இர்யாவுக்கு,

பெர்லினில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் வீடியோ வலையமைப்பில் தலைமைக் கணினி கிடையாது. ஒன்றைத் திறந்து பார்க்கிறவர்களின் கணினிகளே அதன் பிரதியை வைத்துக்கொள்ளும். ஆறு மாதமாக யாரும் திறக்காததைப் பட்டியல் போட்டு நீக்குவது, பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன இந்த மேதையின் வேலை. இந்த வாரப் பட்டியலின் உச்சியில், நம் மகள் சில்யாவுக்கு நான் அனுப்பிய இருபத்திரண்டு வீடியோக்கள்!

"பெருசு, நீயே ஒரு தடவ தெறந்துடேன், தப்பிச்சுடும்!" என்றான் கூட வேலை செய்யும் டோர்பன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வெள்ளிக்கிழமை நான் நீக்கியாக வேண்டும்; அதற்குள் கடைசி வீடியோவைத் திறக்கும்படி சில்யாவிடம் சொல். ஒவ்வொன்றும் முந்தையதோடு கோத்திருப்பதால் எல்லாமே பிழைத்துவிடும். அவள் பார்க்க வேண்டாம், திறந்தால் போதும்.

இடைவேளை முடிந்துவிட்டது.

உன்,
ஐமோ